பிள்ளைக் கனம்

வயிற்றுக்குள் தேங்காய்த் தண்டிக்கு வளர்ந்து கிடந்த கட்டியையும், அது பற்றிக்கொண்டிருந்த இடப்பக்கத்துச் சினைப்பையையும் பெரியாஸ்பத்திரியில் எடுத்துப்போட்டு, வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டி, ஷேர் ஆட்டோவில் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் "மெல்ல, மெல்ல" என்று டிரைவரைக் கெஞ்சிக்கொண்டே குருவம்மா வீடு வந்து சேர்ந்த அந்த வாரத்திலேயே, அவள் கை பட்ட பொருளுக்குக் கனம் இல்லாமல் போயிற்று. அது யாருக்கும் பெரிய அதிசயமாகப் படவில்லை. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்திருந்தது. தண்ணீர் வருகிற நாளில் அதிசயப்பட யாருக்கு நேரம் இருக்கிறது.

விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டைகளை உத்தரம் வரைக்கும் அடுக்கிவைக்கிற பெரிய கிட்டங்கி ஒன்றின் முதுகுப்பக்கம் அந்த லைன் வீடுகள் இருந்தன. ஆண்கள் மூட்டை தூக்கினார்கள், பெண்கள் வத்தலுக்குக் காம்பு கிள்ளினார்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நெடியைச் சுமந்துகொண்டுதான் வந்தது. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்த நெடியிலேயே கிடந்தவளுக்கு, வயிற்றில் தையலோடு வந்து படுத்த பிறகுதான் தும்மல் என்றால் என்னவென்று தெரிந்தது. மூக்கு நமநமவென்றதும் தலையணையை எடுத்து வயிற்றில் அமுக்கிக்கொண்டு, குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டு தும்முவாள். தும்மி முடித்ததும் சேலையை விலக்கிப் பார்ப்பாள். தையல் விட்டிருக்குமோ, நூல் வெளியே வந்திருக்குமோ, உள்ளே மிச்சமிருக்கிற ஒற்றைச் சினைப்பை இந்தக் குலுக்கலில் கழன்று வேறெங்காவது போய் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று அவளுக்குப் பயம். குருவம்மா எதற்கும் பயப்படுகிறவள். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனால் பாதித் தெருவிலிருந்து திரும்பிவந்து அணைத்திருக்கிறதா என்று பார்க்கிறவள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா சொல்லியிருந்தார். "கொடம் தூக்காதீங்க. மூட்டை தூக்காதீங்க. பிள்ளையத் தூக்காதீங்க. நான் மறுபடி பாத்துச் சொல்றவரைக்கும் கனமான எதுலயும் கை வைக்காதீங்க."

குடத்தை விட்டுவிடலாம், மூட்டை அவள் தூக்கினதே இல்லை. பிள்ளையை எப்படி விடுவது? தனுஷ்யா, தெருவுக்குத் தனு, இரண்டு வயது முடியப்போகிறவள், கல்யாணமாகி ஊரெல்லாம் வாய் ஓய்ந்த பிறகு பிறந்தவள், நடக்கப் பழகியும் நடக்காமல் ஆத்தாள் இடுப்பிலேயே குடியிருந்தவள். குருவம்மா அடுப்பெரித்ததும் வத்தல் கிள்ளியதும் ரேசன் கடையில் நின்றதும் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டேதான். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் அந்தப் பிள்ளையை இடுப்பிலிருந்து பிரித்து வாங்கிக்கொண்டவள் எதிர் வரிசையில் இருந்த பொன்னுத்தாய், குருவம்மாவின் வீட்டுக்காரன் வேல்ச்சாமிக்கு மூத்தவள். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழமுடியாமல் திரும்பி வந்து, தம்பி வீட்டிலும் ஒண்டமாட்டேன் என்று தனிவீடு எடுத்துத் தனியாகப் பொங்கித் தின்கிறவள்.

"ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, எங்கிட்டயே கெடக்கட்டும்" என்றாள் பொன்னுத்தாய். "இவ காலு சும்மா கெடக்காது. வயித்துல ஒரு ஒதை விட்டா அம்புட்டுதான்."

அப்படித்தான் பிள்ளை எதிர்வீட்டுக்குப் போனது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு குழாய்தான் இருந்தது. ஆனாலும் கடல் தாண்டிக் கொடுத்ததுபோல் குருவம்மா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை இல்லாத அவள் இடுப்பு, பிள்ளை இருந்த காலத்தின் சாய்வை விடாமல், நடக்கும்போதெல்லாம் வலப்பக்கம் ஒடிந்துகொண்டு நின்றது.

தண்ணீர் வந்த அன்று, வேல்ச்சாமி லோடு இறக்கப் போய்விட்டான். குடங்கள் நிறைந்து வழிந்துகொண்டிருந்தன, அடுத்த குடம் வைக்க ஆளில்லை. பழக்கம் என்பது பெரிய பாவி. குருவம்மா எழுந்துபோய் நிறைகுடத்தின் கழுத்தைப் பிடித்து எடுத்து இடுப்பில் வைத்தாள். பக்கத்து வீட்டுச் செவனம்மா தன் பிளாஸ்டிக் டிரம்மோடு வரிசையில் நின்றவள், இதைப் பார்த்துப் பதறிப்போய் ஓடிவந்தாள்.

"அடி கூறுகெட்டவளே! தையலு விட்டுப்போகும்டி! கீழ வையி!"

பிடுங்கிய குடம் செவனம்மாவின் இடுப்பை ஒடித்துக்கொண்டு தரையில் போய் உட்கார்ந்தது. பாதித் தண்ணீர் சிந்தியது. செவனம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு குடத்தையும் குருவம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒனக்குக் கனக்கலையா?"

"இல்ல மதினி. வெறுங்குடம்னு நெனச்சேன்."

"எங்க, மறுபடி கைய வையி."

குருவம்மா பயந்துகொண்டே ஒரு விரலை வைத்தாள். செவனம்மா குடத்தைத் தூக்கினாள். அது வாழைச்சருகு போல மேலே வந்தது. விரலை எடுக்கச் சொன்னாள், குடம் கையை இழுத்தது. வைக்கச் சொன்னாள், சருகானது. செவனம்மா கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி யோசித்தாள். பிறகு திரும்பி, "அப்ப என் டிரம்முலயும் ஒரு வெரல வச்சுக்கிட்டே வீடு வரைக்கும் வா" என்றாள்.

அவ்வளவுதான். காரணத்தைப் பற்றிய பேச்சு தண்ணீர் நிற்பதற்குள் முடிந்துவிட்டது. டாக்டரம்மா நல்ல மனுசி, கைராசிக்காரி, கனமானதைத் தொடாதே என்று வாய்விட்டுச் சொன்னாள், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கனம் தானாகவே ஒதுங்கிப்போயிற்று, இதில் என்ன இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் ஆமாம் என்றார்கள்.

குருவம்மாவுக்கு மட்டும் வேறொன்று தோன்றியது. தோன்றியதும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு குழாயைத் தாண்டி எதிர்வீட்டுக்கு ஓடினாள். கனம்தானே கூடாது என்றார்கள், கனமே இல்லை என்றால் பிள்ளையைத் தூக்கலாமே!

"மதினி, குடுங்க எம்பிள்ளைய. எனக்கு ஒன்னும் செய்யாது."

தனு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவினாள். குருவம்மா வாங்கி இடுப்பில் வைத்தாள். வைத்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணுக்குப் பிள்ளை தெரிந்தது, மூக்குக்குப் பால்வாசனை தெரிந்தது, இடுப்புக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிள்ளைக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். உட்கார்ந்த இடம் பிடிபடாமல், நடுக்கிணற்றில் கயிறு அறுந்த வாளிபோல, தனு கண்ணை அகல விரித்து, கையையும் காலையும் பரத்தி, மூச்சு விடாமல் வீறிட்டாள். பொன்னுத்தாய் வாங்கி மாரோடு அணைத்த பிறகுதான் அந்த உடம்பு தன் உடம்புக்குத் திரும்பி வந்தது.

"பயந்துருச்சு" என்றாள் பொன்னுத்தாய், பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே. "தையலெல்லாம் ஆறட்டும், குருவு. டாக்டரம்மா பாத்துச் சொல்லட்டும். சொன்னா எல்லாம் சரியாப் போயிரும்."

அன்றிலிருந்து ஆத்தாள் கை நீட்டினால் தனு அத்தையின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தெரு வேகமாகப் பழகிக்கொண்டது. மாடியேற வேண்டிய பீரோக்கள், மாற்ற வேண்டிய கேஸ் சிலிண்டர்கள், அடியில் எலி செத்துக்கிடக்கிற கட்டில்கள், எதற்கும் குருவம்மாவின் ஒரு கை போதும். "கொஞ்சம் வந்து கை வச்சுட்டுப் போ தாயி" என்பது அந்தத் தெருவில் காப்பி குடிக்கக் கூப்பிடுவதுபோல ஆயிற்று. படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாரைப் புரட்டிக் குளிப்பாட்ட ஒரு மருமகள் தினமும் வந்து கூட்டிப்போனாள்; அந்தக் கிழவர் காற்றில் மிதந்தபடி, "ஆகா, நடக்கிற மாதிரியே இருக்கு" என்று சிரித்தார். கூப்பிட்ட வீடெல்லாம் குருவம்மாவுக்கு முட்டை அவித்துக் கொடுத்தது, பச்சை உடம்பு என்று சொல்லி வெள்ளைப்பூண்டு வதக்கிக் கொடுத்தது. அவளும் போனாள். போகாவிட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

கிட்டங்கிக்கு மட்டும் அவள் வரக்கூடாது என்று சுமைக்காரர் சங்கத்துச் செயலாளர் பால்பாண்டி வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டார்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காத. நீ கை வச்சா வத்தல் மூட்டை பஞ்சு மூட்டையாயிரும். பஞ்சு மூட்டைக்கு எவன் வத்தல் மூட்டைக் கூலி குடுப்பான்? எங்க பொழப்பே கனத்துலதான ஓடுது."

"நான் எங்கண்ணே வரப்போறேன், எனக்கு அந்த நெடி ஆகாது" என்றாள் குருவம்மா. பால்பாண்டி நிம்மதியாக எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி நின்று, சத்தத்தைக் குறைத்து, "சாயந்தரமா நம்ம வீட்டுப் பக்கம் வா. கிரைண்டரு கல்லக் கழுவணுமாம், ஒங்க மதினி கெடந்து கத்துறா" என்றார்.

இழவு வீட்டிலும் அவளை விடவில்லை. கிழக்கு வரிசையில் பெரியகருப்பன் செத்தபோது, சுடுகாடு தூரம் என்று அவர் மகன் குருவம்மாவைப் பாடையோடு கூட நடந்து வரச் சொல்லிக் கேட்டான். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு அவனை ஏசினார்கள். "போடா போக்கத்தவனே! ஒப்பனத் தூக்குனா தோளு காந்தணும்டா. காந்துனாத்தான போனது நம்மாளுன்னு தெரியும்!" அவன் தலையைக் குனிந்துகொண்டான். குருவம்மா அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நின்று, தன் வெறும் இடுப்பைக் கையால் தடவிக்கொண்டாள்.

அதே லைனில் இருந்த மாரீஸ்வரிதான் எல்லாவற்றையும்விட அவளைக் கலங்கடித்தவள். மாரீஸ்வரிக்கு நிறைமாதம், கால் வீங்கி, உட்கார்ந்தால் எழ முடியாது. "மதினி, செத்த நேரம் வயித்துல கை வைங்களேன், முதுகு விட்டுப்போகுது" என்று கேட்டாள். குருவம்மா வைத்தாள். மாரீஸ்வரி அப்பாடா என்று நிமிர்ந்தாள், சிரித்தாள். அப்புறம் சிரிப்பு அப்படியே உறைந்து முகம் வெளுத்துப்போயிற்று.

"எடுங்க மதினி! கைய எடுங்க! புள்ள இருக்கா இல்லையான்னே தெரியலையே!"

கையை எடுத்ததும் வயிறு இறங்கி உட்கார்ந்தது. மாரீஸ்வரி அந்தக் கனத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "இருக்கு, இருக்கு" என்று அழுதாள். குருவம்மா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு, தும்மல் வராமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

எதிர்வீட்டில் தனு பேசப் பழகிக்கொண்டிருந்தாள். காக்காயைக் காட்டி "கா" என்றாள், குழாயைக் காட்டி "தண்ணி" என்றாள். பொன்னுத்தாயைப் பார்த்து ஒருநாள் "அம்ம" என்றாள். பொன்னுத்தாய் சட்டென்று எதிர்வாசலைப் பார்த்தாள். "அத்தைன்னு சொல்லுடி, அந்தா இருக்கு பாரு ஒங்கம்மா" என்று திருத்தினாள். அவள் திருத்தியது உண்மைதான். திருத்துவதற்கு முன்னால் ஒரு நொடி அவள் முகம் விளக்கேற்றியதுபோல் ஆனதும் உண்மைதான். இரண்டையும் குருவம்மா பார்த்தாள். கோபப்பட முடியவில்லை.

டாக்டரம்மா மறுபடி வரச்சொன்ன நாள் நெருங்க நெருங்கத் தெருவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. போய்க் காட்டினால் அந்தம்மா தூக்கலாம் என்று சொல்லிவிடுவார், சொன்னால் கனம் திரும்பிவிடும், அப்புறம் பீரோவுக்கு எங்கே போவது? முதலில் செவனம்மா வந்து அன்றைக்கு அஷ்டமி என்றாள். பிறகு ஒருத்தி, தன் மகள் கல்யாணச் சீர் இறங்குகிற வரைக்கும் பொறுத்துக்கோ என்றாள். கிழவரின் மருமகள் ஒன்றும் சொல்லாமல் வந்து நின்று, பூண்டுக் குழம்பை வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமலே போனாள். அது மற்றவர்கள் சொன்னதையெல்லாம்விடக் கனமாக இருந்தது. குருவம்மா ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்றாள். வேல்ச்சாமி பொறுக்கமாட்டாமல் கேட்டான்.

"ஒனக்குப் பிள்ளை வேணுமா, இந்தத் தெருக்காரங்களோட பீரோ வேணுமா?"

"நான் என்ன செய்ய? எல்லாரும் கேக்குறாங்க."

"கேக்கத்தான் செய்வாங்க. எனக்கு முதுகுல தோலு உரிஞ்சு கெடக்கு, நான் என்னைக்காச்சும் ஒன்னைய வந்து மூட்டையத் தொடுன்னு கேட்டனா?"

அவன் கேட்கவில்லைதான். மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் அவள் பஸ் ஏறிப்போனாள்.

டாக்டரம்மா தழும்பை அமுக்கிப் பார்த்தார். ஸ்கேனைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "அழகா ஆறிருச்சும்மா. மிச்சமிருக்கிற சினைப்பை நல்லா இருக்கு. இனி பெல்ட்டு வேண்டாம். எல்லாம் தூக்கலாம்" என்றார். "பிள்ளையவும் தூக்கலாமாம்மா?" என்று குருவம்மா கேட்டாள். "தாராளமா." மறுபடியும் கேட்டாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே மறுபடியும் சொன்னார். அந்தச் சொல்லைச் சிந்தாமல் வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்று குருவம்மா ஆஸ்பத்திரி வாசலில் யாரிடமும் வாய் கொடுக்காமல் நடந்தாள்.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறி நெருக்கியதும், நின்றுகொண்டிருந்தவள் ஒருத்தி, பஸ்களில் எல்லாரும் செய்கிறதுபோல, முகத்தைக்கூடப் பார்க்காமல் தன் பிள்ளையைக் குருவம்மாவின் மடியில் இறக்கினாள். "செத்த பிடிங்கக்கா."

குருவம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மடி காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தால் கொழுகொழுவென்று ஒரு பையன் மடியில் இருந்தான், கண்ணை அகல விரித்துக்கொண்டு, வாயைக் கோணிக்கொண்டு, வீறிடத் தயாராக.

"புது ஆளுன்னா அழுவான்" என்று அவன் ஆத்தாள் சிரித்துக்கொண்டே திரும்ப வாங்கிக்கொண்டாள்.

மிச்ச வழியெல்லாம் குருவம்மா சன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. செவனம்மா அவளைக் கட்டிக்கொண்டு, "போகுது விடு, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, தான் சந்தோசப்பட்டது வெளியே தெரிந்துவிட்டதோ என்று வெட்கப்பட்டுக்கொண்டு, முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

சாயங்காலம் குருவம்மா எதிர்வீட்டுக்குப் போனாள். பொன்னுத்தாய் ரவிக்கையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, எட்டாத கையால் முதுகுப்பக்கம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தனு மூலையில் வெண்கலக் கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"தேச்சு விடவா மதினி?"

"தேய்யி. ஒம்மவ முழிச்சிருக்கிறப்ப குருவிக்குஞ்சு. தூங்கிட்டான்னா ஆட்டுரலு. தோளு கழண்டு விழுகுது."

குருவம்மாவின் கை அந்தத் தோளில் நின்றது. தோல் கன்றிச் சிவந்திருந்த இடம், ஒரு தலை வைக்கிற அகலத்துக்கு இருந்தது. கட்டியை எடுத்ததிலிருந்து எதற்கும் அவள் அவ்வளவு ஏங்கியதில்லை, அந்த வலிக்கு ஏங்கினாள். அது தன்னுடைய வலி, தனக்கு வரவேண்டியது, வழி தவறி அடுத்தவள் தோளில் போய் உட்கார்ந்திருக்கிறது. விரலால் அந்த இடத்தை அமுக்கினாள். பொன்னுத்தாய் "ஸ்ஸ்" என்றாள்.

அமுக்கிக்கொண்டிருக்கும்போதே நினைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து இந்தப் பிள்ளை தன் கையில் அழுதிருக்கிறது, திமிறியிருக்கிறது, தாவி ஓடியிருக்கிறது. ஒரு தடவையாவது தூங்கியிருக்கிறதா?

"மதினி. எப்படித் தூங்குறா?"

பொன்னுத்தாய் ரவிக்கையை ஏற்றி ஊக்கை மாட்டினாள். ஒரு ஊக்கு மாட்டுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"முன்னெல்லாம் தட்டுனாத் தூங்கிருவா. இப்ப நான் தட்டுனா முழிச்சு அழுகுறா" என்றாள் குருவம்மா. "ஒங்ககிட்ட எப்படித் தூங்குறா? சொல்லுங்க மதினி."

"சொல்லலாம்" என்றாள் பொன்னுத்தாய். "ஒனக்குத் தையல் இருக்கேன்னுதான் சொல்லல. அது மட்டும் இல்ல. பொய் என்னத்துக்கு? சொல்லிட்டா எனக்கு என்ன இருக்கு."

கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பொன்னுத்தாய் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீ ஆஸ்பத்திரியில கெடந்த மொத நாளு, ஒன்னையக் காணோம்னு அழுதுச்சு பாரு, தெருவே முழிச்சிருச்சு. நான் ஒன்னைய மாதிரி இல்லைன்னு எம்மேல கோவம். பக்கத்துல போட்டா ரெண்டு காலாலயும் என் வயித்துல ஒதைக்குது. ஒதச்சுக்கிட்டே அழுது, அழுதுக்கிட்டே ஒதச்சு, அப்படியே கால வயித்துல ஊன்றிக்கிட்டுத் தூங்கிருச்சு. அன்னையிலருந்து அப்படித்தான். குதிகாலு வயித்துல பதிஞ்சாத்தான் கண்ணு சொக்கும். காலு ஊன்ற எடம் வேணும் அதுக்கு. ஒரு வயித்த மிதிச்சுக்கிட்டுத் தூங்குறதுக்கு ஒரு பிள்ளை. எனக்கெல்லாம் அது கெடைக்கும்னு யாரு கண்டா."

குருவம்மா ரவிக்கைக்கு மேலேயே அவள் தோளை மறுபடி தேய்க்கத் தொடங்கினாள். வெளிச்சம் மங்குகிற வரைக்கும் தேய்த்தாள். தைலம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

மறுநாள் மத்தியானம், சோறு தின்று தெரு அசந்துகொண்டிருந்த வேளையில், பொன்னுத்தாய் தானே வந்தாள். பிள்ளை தோளில் அரைக்கண் மூடிக் கிடந்தது.

"பாயப் போட்டுப் படு" என்றாள்.

குருவம்மா ஒருக்களித்துப் படுத்தாள். பொன்னுத்தாய் பிள்ளையை அவளுக்கு எதிராகக் கிடத்தி, ஓசைப்படாமல் குனிந்து, குருவம்மாவின் சேலையை விலக்கி, அந்தச் சின்னப் பாதத்தைப் பிடித்துத் தழும்பின் மேலேயே வைத்தாள்.

"வலிக்கும்."

"வலிக்கட்டும் மதினி."

பொன்னுத்தாய் நிமிர்ந்து நின்றாள். தோளை ஒருதரம் குலுக்கிக்கொண்டாள். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பிப் பார்த்தால் பிள்ளை முழித்துக்கொள்ளும் என்று நினைத்தாளோ என்னவோ, திரும்பிப் பார்க்கவில்லை.

குருவம்மா பிள்ளையின் முதுகில் கை வைத்தாள். வைத்ததும் கனம் போயிற்று. தனுவின் உடம்பு தூக்கிவாரிப்போட்டது, கண் திறந்தது, யார் முகம் என்று பார்த்தது, உதடு கோணியது. விழுகிறவள் சுவரைத் தேடுவதுபோல் கால் துழாவியது, துழாவி உதைத்தது, உதை நேராகத் தழும்பில் விழுந்தது. குருவம்மாவுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. உள்ளே எதுவோ கிழிந்துவிட்டது என்று பயந்தாள், ரத்தம் வரும் என்று பயந்தாள், மிச்சமிருக்கிற ஒற்றையும் போயிற்று என்று பயந்தாள். ஆயுசுக்கும் பயந்த பயத்தையெல்லாம் அந்த ஒரு மூச்சில் பயந்து முடித்தாள். முடித்துவிட்டு, விலகுவதற்குப் பதிலாக, வயிற்றை அந்தக் காலுக்குள் தள்ளிக் கொடுத்தாள்.

"மிதி" என்றாள். "மிதி தாயி. நான்தான். மிதி."

கால் இன்னொரு தரம் உதைத்தது. அப்புறம் ஊன்றியது. ஊன்றின இடம் அசையவில்லை என்று கண்டுகொண்டதும் விரல்கள் விரிந்து மடங்கி, குதிகால் தழும்பின் பள்ளத்தில் பதிந்து உட்கார்ந்தது. உதட்டுக் கோணல் நேரானது. கண் சொக்கியது.

முதலில் குதிகாலில்தான் வந்தது, ஒரு புளியங்கொட்டை அளவுக்கு. இது கனமா வலியா என்று குருவம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு முழங்காலுக்கு ஏறியது, தொடைக்கு ஏறியது, மாவு புளித்துப் பொங்குவதுபோல உடம்பு உள்ளுக்குள்ளிருந்து நிறைந்து நிறைந்து வந்தது. முதுகில் வைத்திருந்த கைக்குள் மூச்சு கனத்தது, கடைசியாகத் தலை, பூட்டு விட்டதுபோல அவள் தோளின் மேல் தொப்பென்று சாய்ந்தது. அவள் மெல்ல மல்லாந்து படுத்துப் பிள்ளையை நெஞ்சின் மேல் இழுத்துக்கொண்டாள். அத்தனை கனமும் கூடவே வந்தது. தான் பார்க்காத நாளெல்லாம் வளர்ந்த கனமும் அதில் சேர்ந்திருந்தது, மூச்சு முட்டியது.

வெளியே ஆள் சத்தம் கேட்டது. பலசரக்குக் கடைக்காரர் வீட்டு மாடிக்கு ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் வந்திருக்க வேண்டும்.

"குருவம்மா! ஏ குருவம்மா! ஏணிப்படிகிட்ட நிக்கிறோம், வந்து ஒரு கை வச்சுட்டுப் போ தாயி!" அது பால்பாண்டியின் குரல்.

"அவ வரமாட்டா" என்றது பொன்னுத்தாயின் குரல், கதவுக்கு வெகு அருகிலிருந்து. "கையில பிள்ளை இருக்கு."

"பிள்ளைய நீ வாங்கிக்கிற வேண்டியதுதான?"

கதவில் ஒரு கை வந்து பட்டு விலகுகிற சத்தம் கேட்டது.

"தூங்குற பிள்ளைய யாருய்யா வாங்குவா" என்றாள் பொன்னுத்தாய்.

"அப்ப இதைய யாரு தூக்குறது?"

"இத்தன எருமைக நிக்கிறீங்க, கேக்குறான் பாரு கேள்வி. தள்ளு அங்கிட்டு. ஒரு பக்கம் நான் பிடிக்கேன்."

செவனம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது, செருப்புகளைக் கழற்றி எறிகிற சத்தம் கேட்டது, பிறகு ஒரே நேரத்தில் பல பேர் மூச்சைப் பிடிக்கிற சத்தம். வெகுநாளைக்கு அப்புறம் அந்தத் தெரு தன் சாமானைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு முனகியது. குருவம்மாவின் கை மரத்துவிட்டது. எறும்பு ஊர்வதுபோல விரல் நுனிவரை ஊர்ந்தது, தழும்பு விண் விண்ணென்று தெறித்தது, முழித்துக்கொண்டால் இந்தக் கனம் போய்விடுமோ என்று ஒரு பயமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை. ஏணிப்படியில் ஒவ்வொரு படிக்கும் சத்தம் ஏறிக்கொண்டே போனது, எல்லார் குரலுக்கும் மேலே பொன்னுத்தாயின் குரல், உடைந்த குரல், "தூக்கு, இன்னும் தூக்கு, விட்டுராத, விட்டுராத" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.